படைக்குச் சென்றவன் வருநாள் எந்நாள்?

தாராபுரத்துப் பேருந்து நிலையத்தில், படைக்குத் திரும்பும் மகனை வண்டியேற்ற வந்த கொங்குநாட்டுத் தாய் கேட்பது ஒரே கேள்விதான்: “எப்பக் கண்ணு வருவே?” அவன் சொல்லும் விடையும் ஒன்றுதான்: “லீவு கெடச்சதும் வந்தர்றனுங்கம்மா.” வினாவில் நாள் இருக்கிறது, விடையில் நாள் இல்லை. எல்லைப்புறத்துப் பணியென்றால் இவ்விடையோடு அத்தாய் ஒருவாறு மனந்தேறிக் கொள்வாள். கடல் கடந்த நாட்டுக்கு அவனை அனுப்பும்போதும் இதே விடைதான் கிடைக்குமாயின், அக்குறை அவனுடையதாகாது. அவனை அனுப்பிய அரசே நாளைச் சொல்லாமல் விட்டது.

தாராபுரத்தைப் பாரதக் கதையில் வரும் விராடபுரம் என்று ஊரார் சிலர் கூறுவர். அதன் மெய்ம்மையை ஈண்டு ஆராய வேண்டுவதில்லை. கதை கதையாகவே இருக்கட்டும். ஆயினும் அக்கதையிலுங்கூடக் காடுறை வாழ்வுக்குப் 12 ஆண்டு, கரந்துறை வாழ்வுக்கு ஓராண்டு என்று எல்லை கட்டியே அனுப்பினர். சூதில் தோற்றவனுக்கே நாட்கணக்குச் சொல்லப்பட்டது!

தமிழ் நெறி இதனினும் தெளிவானது. கல்வியின் பொருட்டுப் பிரியுங் கணவன் மூன்றாண்டைக் கடத்தலாகாது என்றும், வேந்தன் பணியின் பொருட்டுப் பிரிவது ஓராண்டுக்குள் அடங்குதல் வேண்டும் என்றும் தொல்காப்பியர் கற்பியலில் வரையறுத்தார். படையெடுப்பைப் பற்றிய இவ்வரையறையைப் புறத்திணையில் வையாமல் கற்பியலில் வைத்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. போர் எத்தனை நாள் நடக்கும் என்பது வேந்தன் கணக்கு. எத்தனை நாள் காத்திருக்க இயலும் என்பது இல்லத்தின் கணக்கு. இல்லத்தின் கணக்கை அறிந்தே இலக்கணம் ஓராண்டு என்றது. முல்லைத்திணைத் தலைவன் கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று சொல்லிச் செல்கிறான். மழை முழங்கியும் அவன் வாராத நாள்களில் தலைவி படுந் துயரை ஆற்றுவதற்குத் தோழியும் செவிலியும் விரிச்சி கேட்கும் பெருமுது பெண்டிரும் உடனிருந்தனர். இன்றைய படைமறவன் மனைவிக்கு அவ்வளவு பேர் இலர். நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டின் 103 அடிகளும் அரசன் தேவியின் காத்திருப்பைப் பாடுவன என்பதையும் சொல்லியாக வேண்டும். பாசறையில் விழித்திருந்து தன் மறவரை எண்ணி வருந்தும் அவ்வரசனைப் பாட்டுக் காட்டுகிறது. அம்மறவர்தம் மனையோர் எங்கிருந்து எதை எண்ணிக் காத்திருந்தனர் என்பதற்குத் தனிப்பாட்டு இல்லை.

இனி, அண்மைக் கால வரலாற்றுக்கு வருக. 1987 சூலை 29 அன்று இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் கொழும்பில் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். மறுநாளே இந்தியப் படை ஈழ மண்ணில் இறங்கியது. கையொப்பமிட்ட 48 மணி நேரத்துள் சண்டை ஓயவேண்டும். ஓய்ந்த 72 மணி நேரத்துள் போராளிகள் படைக்கலங்களை ஒப்படைத்து முடிக்கவேண்டும் என்று அவ்வுடன்பாடு நாழிகைக் கணக்காகக் குறித்தது. இரண்டையுங் கூட்டினால் ஐந்து நாள். இலங்கைக் குடியரசுத் தலைவர் வேண்டினால் இந்திய அமைதிப்படை வரலாம் என்றும் அதன் பின்னிணைப்பு கூறிற்று. வந்த படை எத்தனை நாள் தங்கும், எப்பொழுது மீளும் என்பதற்கு மட்டும் அத்தாளில் ஓரெண்ணும் இல்லை.

ஐந்து நாள் 968 நாளாயிற்று. அமைதி காக்கச் சென்றதாகச் சொல்லப்பட்ட படை 1987 அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு போரிட்டது. சென்னைப் படையணியைச் சேர்ந்த தமிழ் மறவரும் அதில் இருந்தனர். சுடப்படுபவன் பேசும் மொழியும் சுடுபவன் பேசும் மொழியும் ஒன்றாயிருந்த அக்கொடுமையை எப்படிச் சொல்வது? ஈழத்து வீட்டில் ஒரு தாய் தமிழில் அழுதாள்; தமிழகத்து வீட்டில் ஒரு தாய் அதே தமிழில் அழுதாள். 1989 சூலைக்குள் படை வெளியேற வேண்டுமென்று பிரேமதாசா கேட்டார், வெளியேறவில்லை. அவ்வாண்டு திசம்பர் 31-க்குள் திரும்பிவிடும் என்று செப்டம்பரில் பேசி முடித்தனர், அந்நாளும் கடந்தது. கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது 1990 மார்ச்சு 24 அன்று. எல்லா அணிகளும் முழுக்காலமும் அங்கிருந்தன என்பதில்லை. சில மீண்டன, சில புதியனவாகச் சென்றன. எது மீளும், எது செல்லும் என்பது வீட்டிலிருந்தோர்க்குத் தெரியாது என்பதே செய்தி. ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட இந்தியப் படையினர் திரும்பவேயில்லை. மும்பையில் பிறந்து, சென்னைப் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் வீழ்ந்த படைத்தலைவர் இராமசாமி பரமேசுவரனுக்குப் பரம வீர சக்கரம் என்னும் தலையாய விருது வழங்கப்பட்டது. விருதுப் பெயர் வராத பிறருடைய வீடுகளுக்கு வந்தது தந்தி.

இதற்கு முன்னும் இவ்வாறுதான். 1950 நவம்பரில் கொரியாவுக்குச் சென்ற இந்தியப் படை மருத்துவ அணிக்குத் தலைவர் தமிழரான ஏ.ஜி. அரங்கராசு. மருத்துவம் செய்யச் சென்ற அவ்வணி அங்கே தங்கியது ஏறத்தாழ மூன்றரை ஆண்டு! 1942 பிப்பிரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்தியப் படையினர் பல்லாயிரவர். அவருட் பலரை நியூகினித் தீவு வரை கொண்டுசென்று கூலிவேலை வாங்கினர் சப்பானியர். உயிரோடிருக்கிறானா என்பதே மூன்றாண்டுக்கு மேல் பல வீடுகளில் தெரியவில்லை.

இக்காலத்தில் நிலைமை சற்றுத் திருந்தியுள்ளது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஐ.நா. அவையின் அமைதிப் பணிகளில் இதுவரை 2,90,000-க்கு மேற்பட்ட இந்தியர் பணியாற்றியுள்ளனர். ஏறத்தாழ 180 பேர் உயிர் நீத்துள்ளனர். 1998 முதல் இலெபனானிலும், பின்னர்த் தென்சூடானிலும் இந்திய அணிகள் நின்றன. அங்குச் செல்லும் அணியை ஏறத்தாழ ஓராண்டில் மாற்றுவதே வழக்கம். தொல்காப்பியர் சொன்ன அதே ஓராண்டு! உலக நாடுகளெல்லாங் கூடிக் கண்ட எல்லையைத் தமிழன் எப்பொழுதோ கண்டான் என்று பெருமை பேசுவதற்காக இதைக் கூறவில்லை. மாந்த நெஞ்சு தாங்கும் அளவு எங்கும் ஒன்றே என்பதற்காகக் கூறியது.

ஆயினும் ஓராண்டு என்று சொன்னதை ஓராண்டு என்றே கொண்டு நாட்காட்டியில் கோடு கிழித்துக்கொண்டிருக்கும் குடும்பம் ஏமாறும். ஈராக்குக்கும் ஆப்கானித்தானத்துக்கும் 12 திங்களுக்கென்று படையினரை அனுப்பிய அமெரிக்க அரசு, 2007 ஏப்பிரலில் ஒரே அறிவிப்பில் அதனை 15 திங்களாக நீட்டிற்று. அத்துணைச் செல்வமும் ஒழுங்கும் உடைய நாட்டிலேயே இது நடந்தது. பணிக்கு அவையம் வகுக்கும் காலம் வேறு. அணி அங்கு நிற்கும் காலம் வேறு. தனியொருவன் வீடு திரும்பும் நாள் வேறு. முதலாவது செய்தித்தாளில் வரும். மூன்றாவதை எவரும் உறுதியாகச் சொல்லார். குடும்பம் கேட்டறிய வேண்டியது நடுவில் உள்ளதை: ‘இவ்வணியை மாற்றும் அணி எப்பொழுது புறப்படுகிறது?’ அதற்கு விடை கிடைத்தபின், அதன்மேல் இரண்டு மூன்று திங்களைக் கூட்டி வைத்துக்கொள்வது அறிவுடைமை. தங்கையின் திருமண நாளையோ புதுமனை புகுவிழாவையோ அவன் வருநாளோடு பிணைத்துவிடலாகாது.

மடலைப் பற்றியும் ஒரு சொல். படைமறவர் மடலில் இடப்பெயர் இராது, 56 ஏ.பி.ஓ. என்னும் எண்ணே இருக்கும். எங்கிருக்கிறான் என்பது அதனால் விளங்காது. இன்று கைப்பேசி வந்துவிட்டது. அதனால் கவலை தீர்ந்தது என்பார் உளர். கவலை வேறு வடிவம் கொண்டது என்பதே சரி. நாள்தோறும் பேசியவன் பத்து நாள் பேசாதிருந்தால், முன்னாளில் மூன்று திங்கள் மடல் வாராமைக்கு ஒப்பான நடுக்கம் உண்டாகிறது. பணி கடுமையாகும்போது பேசிகளை முடக்கிவைப்பது படைத்துறை வழக்கம். பேச்சு நின்றதைத் தீச்செய்தியாகக் கொள்ள வேண்டா. 2024 அக்டோபரில் தெற்கு இலெபனானில் ஐ.நா. படையின் நிலைகளே தாக்குண்டன என்று தொலைக்காட்சி காட்டியபொழுது இங்குள்ள எத்தனை அடுப்புகள் மூட்டப்படாமற் கிடந்தனவோ!

பணமும் வரும், அயல்நாட்டுப் பணிக்குக் கூடுதலாகவே வரும். பணத்தின் பின்னே கைமாற்றுக் கேட்பாரும் வருவர். அலங்கியத்திலும் தளவாய்ப்பட்டினத்திலும் வாய்க்கால் தண்ணீர் திறக்கும் நாளில் வெள்ளாமையைக் குறித்து முடிவெடுக்க வேண்டியவள் மனைவி. (தளவாய் என்பதே படைத்தலைவனைக் குறிக்கும் சொல், ஊர்ப்பெயரில் படை இருக்கிறது, ஊராருக்குப் படைச்செய்திதான் வருவதில்லை.) வங்கிக் கணக்கு அவன் பெயரில் மட்டும் இருந்தால் அவள் உர மூட்டைக்கும் மாமனார் கையை எதிர்நோக்க வேண்டும். புறப்படுமுன் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றாத கணவன், அன்புடையவனே ஆயினும் கடமையிற் குறையுடையவன்.

எல்லாவற்றினும் பெரிய இடர் எழுத்தில் இருக்கிறது. படைத்துறைப் பதிவேடுகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடப்பன. தமிழனுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பதிவேட்டில் அம்முதலெழுத்து ஓரிடத்தில் தந்தையின் முழுப்பெயராக விரியும். ஓரிடத்தில் பின்னே போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச்செல்வி என்னும் பெயரில் உள்ள ழகரத்தை ஆங்கில எழுத்தில் நான்கு பேர் நான்கு வகையாக எழுதுவர். குடும்ப அட்டையில் ஒருவகை, ஆதாரில் ஒருவகை, படைப் பதிவேட்டில் மற்றொரு வகை. உயிரோடிருக்கும்வரை இது நகைப்புக்குரிய செய்தி. அவன் வீழ்ந்துவிட்டால், ஓரெழுத்து வேறுபாட்டுக்காக ஒரு கைம்பெண் ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். திருமணமும் குழந்தைப் பிறப்பும் அணியின் ஆணைத்தாளில் ஏறியுள்ளனவா, எந்த எழுத்தில் ஏறியுள்ளன என்பதை அவன் புறப்படுமுன் பார்த்தல் வேண்டும். சென்னைப் படையணியின் பதிவேட்டு அலுவலகம் நீலமலையில் வெலிங்டனில் இருக்கிறது. தாராபுரத்திலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்றடையலாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டத்திலேயே உண்டு. பெயர் முன்னாள் வீரரைச் சொன்னாலும், பணியிலிருப்போர் குடும்பத்தின் முறையீட்டையும் அங்குக் கொடுக்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிதன்று. கடல் கடந்து ஒருவனை அனுப்பும்போது, அவன் அணி, அது நிற்கும் காலம், மாற்றணி செல்லும் காலம், காலம் நீண்டால் யார் எப்பொழுது தெரிவிப்பார், தொடர்புகொள்ள வேண்டிய அலுவலகம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவன் வீட்டுக்கு அனுப்புக. அத்தாள் தமிழில் இருக்கட்டும். தாராபுரத்துத் தாய் படிக்கவியலாத மொழியில் எழுதிய தாள், தாராபுரத்துக்கு எழுதப்பட்டதாகாது. படைமறைப்புச் செய்தி வெளிப்படும் என்று சாக்குச் சொல்வர். ஊரின் பெயரையும் போரின் திட்டத்தையும் எவரும் கேட்கவில்லை. மகன் வரும் பருவத்தைத்தான் கேட்கின்றனர்.

வந்தபின் நேர்வதையும் குடும்பம் அறிந்திருத்தல் நன்று. 1990 மார்ச்சில் ஈழத்திலிருந்து மீண்ட படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்குச் செல்ல முதலமைச்சர் கருணாநிதி மறுத்தார். தமிழரைக் கொன்ற படைக்கு மாலை எதற்கு என்ற அந்நிலையில் அறம் இருந்தது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய தமிழ் மறவன் அம்முடிவை எடுத்தவனும் அல்லன், போரைத் தொடுத்தவனும் அல்லன். அவனிடம் என்ன நடந்தது என்று வந்த அன்றே கேட்கலாகாது. இரவில் திடுக்கிட்டு எழுவான். பட்டாசு ஒலிக்கு முகம் மாறுவான். தான் இல்லாதபோது மனைவி விற்ற ஆட்டுக்கும் வாங்கிய கடனுக்கும் கணக்குக் கேட்டுச் சினப்பான். சில கிழமைகள் பொறுத்தும் மாறவில்லையெனில் படை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. மந்திரித்துக் கயிறு கட்டிக் காலம் போக்க வேண்டா. அவன் செல்லும்போது தொட்டிலில் கிடந்த குழந்தை, இப்பொழுது பாட்டியின் சேலைக்குப் பின்னே நின்றுகொண்டு, ‘இவர் யாருங்காத்தா?’ என்று கேட்கும். அதற்கும் சில நாள் ஆகும்.