அருகோ, தொலைவோ?

மருத்துவம் பயில விழைந்து தகுதித் தேர்விலும் தேறிய இலுப்பூர் மாணவர்க்குப் பின்னுமொரு கவலை உளது. 1835-இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரியை நாடுவதா, 2017-இல் புதுக்கோட்டையில் தோன்றிய அரசு மருத்துவக் கல்லூரியில் அமைவதா என்பதே அது. பழம்பெயரே பெருமை தரும் என்பர் பலர். யாம் அவ்வாறு கருதோம்.

இரண்டும் தமிழ்நாடு டாக்டர் எம். ஜி. ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தனவே, பட்டமும் ஒன்றே. புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907-இல் சென்னைக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார் அன்றோவெனின், ஆம். அன்று அவர்தம் ஊரில் மருத்துவக் கல்லூரி இல்லை. இன்று உண்டு.

அரிய நோய்களும் துறைவல்லாரும் சென்னையில் மிகுதி என்பது மெய்யே. அவற்றை மேற்பட்டப் படிப்பிற் கண்டுகொள்ளலாம். முதற்பட்டம் பயில்வார்க்கோ நோயாளரே நூல். நம் சிற்றூர் உழவரும் கூலியாளரும் தம் நோயை எச்சொல்லாற் கூறுவர், எதனை நாணி மறைப்பர் என்பதை அவர் படுக்கையருகில் நின்றே கற்றல் வேண்டும்.

பெயர்பெற்ற கல்லூரியே வேண்டுமென்று கிடைத்த இடத்தை உதறி, மறுதேர்வுக்கென ஓராண்டைக் கழிப்பாரும் உளர். மாணவ நண்பர்காள், அவ்வாண்டு நுமது மட்டுமன்று. நும்மை எதிர்நோக்கும் பிணியாளருடையதுமாம்.