மலையிறங்கிய வண்டியை மேலேற்றுவது யார்?

மாநகரத்தில் துவிச்சக்கரவண்டி வாடகைத் திட்டம் என்றால் அது நாகரிகம். மலைநாட்டிலே அதைப் பற்றி வாய் திறந்தால் அது பைத்தியக்காரத்தனம்! "கட்டுப்படியாகாது, இலாபம் வராது, பணம் யார் போடுவது?" என்று உடனே கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவோர் நம் நாட்டில் நிறைய உளர். நல்லது. அந்தக் கணக்குப் புத்தகத்தை நாமும் திறந்தே பார்க்க விரும்புகிறோம்.

பாரிஸ் மாநகரம் 2007ஆம் ஆண்டு யூலையில் 'வெலிப்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு நிலையத்தில் வண்டியை எடுக்கலாம். வேறு எந்த நிலையத்திலும் விடலாம். உலகமே வியந்தது. ஆனால், மிதித்தவன் கொடுத்த காசிலா அந்த வண்டிகள் ஓடின? இல்லை. ஜேசிடெக்கோ என்ற விளம்பரக் கம்பனிக்கு ஏறத்தாழ 1,600 விளம்பரப் பலகைகளின் உரிமையை நகர சபை அளித்தது. அதற்கு ஈடாகக் கம்பனி வண்டிகளைத் தந்தது. வாசனைத் தைலம் விற்றவனும் சவர்க்காரம் விற்றவனும் கொடுத்த பணத்தில் பாரிஸ் மக்கள் சவாரி செய்தனர் என்பதே உண்மை. இரண்டே ஆண்டுகளில் வண்டிகள் ஆயிரக்கணக்கில் களவு போயின. அதனினும் மிகுதியானவை உடைபட்டன. கம்பனி கைபிசைந்து நின்றது. நகர சபை தன் பணப்பையைத் திறந்தது.

இலண்டனில் 2010இல் தொடங்கிய திட்டத்துக்கு முதலில் பார்க்ளேஸ் வங்கியும், 2015 முதல் சன்டாண்டர் வங்கியும் பணம் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொண்டன. வங்கிப் பணமும் போதாமல் நகரப் போக்குவரத்து நிர்வாகமே எஞ்சியதைச் சுமந்தது. முதலாளிகளின் பணத்தை மட்டும் நம்பிப் பறந்த கூட்டம் என்ன ஆயிற்று? கோயம்புத்தூர் வீதிகளில் மஞ்சள் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திய ஒஃபோ என்ற சீனக் கம்பனி, 2018இல் இந்தியாவை விட்டே போயிற்று. அதே ஆண்டு டிசெம்பரில், கட்டிய வைப்புப் பணத்தைத் திருப்பித் தா என்று பீக்கிங்கில் அதன் தலைமையகத்தின் முன் மக்கள் வரிசையில் நின்றனர்!

ஆகவே, "வாடகைக் காசிலேயே வாழுமா?" என்ற கேள்விக்கு உலகப் பெருநகரங்களே பெரும்பாலும் "இல்லை" என்றுதான் விடை கூறியிருக்கின்றன. அங்கே கேட்காத கேள்வியை அட்டனிலும் நுவரெலியாவிலும் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

மலையைக் காட்டுவார்கள். காட்டட்டும். மலைக்கும் ஒரு கணக்கு உண்டு. அதனை நாம் மறைக்கப் போவதில்லை. பாரிசில் மொன்மார்த்ர் என்றொரு குன்று உளது. காலையில் எல்லோரும் வண்டியெடுத்துக் கீழே பாய்ந்தனர். மாலையில் மேலே மிதிக்க எவரும் வரவில்லை. மேட்டு நிலையத்தில் கொண்டுவந்து விடுவோருக்குக் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் இலவசம் என்று ஆசை காட்டினர். அப்படியும் லொறியில் ஏற்றித்தான் வண்டிகளை மேலே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஒரு குன்றுக்கே இந்தப் பாடென்றால், நுவரெலியா நகருக்கு 200 மீற்றருக்கும் மேலாகக் கீழே கிடக்கும் நானுஓயா நிலையத்துக்கு என்ன பாடு? அதே முறையை இங்கே அப்படியே நகலெடுத்தால், ஒரே வாரத்தில் நுவரெலியாவின் வண்டிகளெல்லாம் நானுஓயாவில் படுத்துறங்கும்! இதை நாமே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் மேடுள்ள மட்ரிட் நகரம் என்ன செய்தது? 2014இல் மின்சாரத் துணையோடு ஓடும் வண்டிகளை விட்டது. நடத்திய தனியார் கம்பனி நட்டத்தில் ஆழ்ந்தது. 2016இல் நகரத்தின் பஸ் நிறுவனமே அதனை வாங்கிக்கொண்டது. "பஸ் எப்படிப் பொதுச் சேவையோ, அப்படியே இதுவும்" என்று வைத்துக்கொண்டு நடத்தி வருகிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரமும் மேடுபள்ளம் நிறைந்ததே. அங்கே சாதாரண வண்டிகளை வைத்து 2014இல் தொடங்கினர், 2017இல் மூடினர்.

தனியார் தடுக்கி விழுந்ததும் பொதுப் பணம் வந்து தூக்கிய கதை நம் மலைக்குப் புதிதா? கொழும்பிலிருந்து மலைக்கு இருப்புப்பாதை போட 1845இல் இலண்டனிலே இலங்கை ரயில்வே கம்பனி என்று ஒன்று பிறந்தது. செலவு மதிப்பீடு மலையென உயர்ந்தது, கம்பனி களைத்தது, 1861இல் அரசாங்கமே வேலையைக் கையிலெடுத்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது; 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. எதற்காக? காப்பியும் பின்னர் தேயிலையும் துறைமுகத்துக்கு இறங்குவதற்காக. துரைமாரின் மூட்டை இறங்கப் பொதுப் பணம் மலையேறலாம். தொழிலாளியின் பிள்ளை பள்ளிக்கூடம் இறங்கப் பொதுப் பணம் ஏறக்கூடாதோ?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணம் புகவொட்டாமல் முப்பது ஆண்டுகள் வேலி போட்டிருந்தது. வாக்களித்தவன் லயத்தில் இருந்தான். அவன் வாக்கில் வந்த சபை லயத்து வாசலோடு நின்றது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகள் பாதைக்கு ஒரு சதமும் விடாமல் தடுத்துவிட்டு, இன்று குண்டும் குழியுமான தோட்டப் பாதையைக் காட்டி, "இங்கே சைக்கிள் ஓடுமா?" என்று நகைப்பது நீதியா?

நுவரெலியாவில் சைக்கிள் ஓடாமலும் இல்லை. கிரகரி வாவிக் கரையின் சமதரையில் வாடகைக்கு வண்டி கிடைக்கிறது. ஏப்ரல் பருவகாலத்தில் உல்லாசப் பயணிகள் மிதித்து மகிழ்கின்றனர். மகிழட்டும், நமக்குப் பொறாமையில்லை. ஆனால் நாளை ஒரு சபை, "பொதுத் துவிச்சக்கரவண்டித் திட்டம்" என்று பெயரிட்டுப் பொதுப் பணத்தைக் கொண்டுபோய் அந்த வாவியையே சுற்றவிடுமானால், அதனை நாம் எதிர்ப்போம். வைப்புப் பணமும் கடனட்டையும் கேட்கும் இயந்திரத்தின் முன், 2024இல் 1,350 ரூபா என்று நாட்சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட கொழுந்து பறிக்கும் தாய் எதைக் கொண்டு நிற்பாள்?

அப்படியானால் எம்முறை வேண்டும்? நம் நகரங்களில் முன்பு மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட சிறு கடைகளை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். விளம்பரப் பலகையின்றி, வங்கியின் பெயரின்றி அவை வாழ்ந்தன. காரணம் எளிது: கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், பஞ்சரை அவரே ஒட்டுவார், எடுத்த வண்டி எடுத்த கடைக்கே திரும்பும். லொறிச் செலவு என்பதே இல்லை! மாநகரத் திட்டங்களை விழுங்கும் பெருஞ்செலவுகளுள் ஒன்று, "எங்கும் எடு, எங்கும் விடு" என்ற அந்தச் சொகுசுதான். ஒல்லாந்தின் ரயில்வே இதனை உணர்ந்து, எடுத்த நிலையத்திலேயே திருப்பித் தரவேண்டும் என்ற விதியோடு தன் வாடகை வண்டிகளை நடத்துகிறது.

அட்டன், தலவாக்கலை, நானுஓயா ரயில் நிலையங்களில் இதைச் செய்யலாம். மின்சாரத் துணையுள்ள வண்டிகளை நாள் வாடகைக்கன்றி மாத வாடகைக்குக் கொடுக்க வேண்டும். நகரத்தில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞனும், உயர்தரம் படிக்கும் மாணவியும் மாலையில் வண்டியில் மேலேறி, காலையில் இறங்கி வந்து நிலையத்தில் விடுவர். பகல் முழுவதும் அது அங்கேயே மின்னேறும். பருவகாலத்தில் வாவிக் கரையில் பயணியிடம் வாங்கும் கூடுதல் வாடகை இந்த மாத வாடகையைத் தாங்கட்டும். போதாததை, பஸ்ஸின் நட்டத்தையும் ரயிலின் நட்டத்தையும் சுமப்பது போல அரசு சுமக்கட்டும். 2022இல் எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்றபோது, கொழும்புக் கனவான்கள் துவிச்சக்கரவண்டி தேடி ஓடியதை நாம் பார்த்தோம். அன்று அது நாட்டுப் போக்குவரத்தாகத்தான் எண்ணப்பட்டது. எவரும் அதனிடம் இலாபம் கேட்கவில்லை.

வண்டிக்கு முன் பாதை வேண்டும் என்பதையும் அறிவோம். ஆகவே நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச சபைகளின் உறுப்பினர்களை, கட்சி வேறுபாடின்றி, ஒன்று கேட்கிறோம்: 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட நாளிலிருந்து உங்கள் சபை எத்தனை தோட்டப் பாதைகளைப் பொறுப்பேற்றது? எத்தனை கிலோமீற்றர் செப்பனிட்டது? தொகையோடு எழுதியனுப்புங்கள். வரும் விடைகளைச் சபைவாரியாக இப்பத்திரிகையில் வெளியிடுவோம். விடை வராத சபைகளின் பெயர்களையும் வெளியிடுவோம்.