நாயை ஒப்படைக்கும்போது அதன் சொற்களையும் ஒப்படைப்போம்

வங்கிப் பணியில் மாற்றல் உத்தரவு வந்தவுடன் முதலில் எழுதப்படுவது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்தான். பெட்டக அறைச் சாவிகள் எத்தனை, அவை யார் யார் வசம் இருந்தன, ரொக்க இருப்பு எவ்வளவு, நிலுவையிலுள்ள கோப்புகள் எவை என ஒவ்வொன்றையும் எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிட்ட பின்னரே அடுத்த ஊருக்குப் புறப்பட இயலும். இருபது ஆண்டுப் பணிக்காலத்தில் இத்தகைய பட்டியல்களைப் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆயினும் எழுதியிருக்க வேண்டிய ஒரு பட்டியலை எழுதாமலே ஒருமுறை ஊரைவிட்டுப் புறப்பட்டோம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில் பணியாற்றிய காலம் அது. எங்கள் வீட்டில் ஒரு நாட்டுநாய் வளர்ந்துவந்தது. மாற்றலாகிச் சென்ற ஊரில் கிடைத்த குடியிருப்பில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. ஆகவே மலையாளம் பேசும் அண்டை வீட்டாரிடம் அதனை விட்டுச் சென்றோம். நல்ல குடும்பம், வேளை தவறாமல் உணவிட்டார்கள். இரண்டு மாதங்கள் கழித்துச் சென்று பார்த்தபோது, "நல்ல நாய்தான், ஆனால் எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வதில்லை, கொஞ்சம் மந்தம் போலும்" என்று தயக்கத்துடன் கூறினார்கள். எங்கள் வீட்டில் 'துண்டு' என்றால் துண்டைக் கவ்விவந்த நாய் அது. பிள்ளைகள் இருவரில் எவர் பெயரைச் சொன்னாலும் அவரிடம் மட்டும் ஓடிய நாய். அதற்குத் தெரிந்த சொற்களை அந்த இரண்டு மாதங்களில் எவரும் அதனிடம் பேசவில்லை. எவை அச்சொற்கள் என்பதை நாங்கள் சொல்லிவிட்டு வரவும் இல்லை.

ஒரு வளர்ப்பு நாய்க்கு எத்தனை சொற்கள் தெரியும் என்ற கேள்வி எங்களுக்கு அன்றுதான் எழுந்தது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், 165 நாய் வளர்ப்போரிடம் இதனையே கேட்டுத் தொகுத்தனர். தம் நாய் முறையாக எதிர்வினை காட்டும் சொற்களும் தொடர்களும் சராசரியாக 89 என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. மிகக் குறைந்த எண்ணிக்கை 15. மிக உயர்ந்தது 215. இது வளர்ப்போர் தாமே கூறிய கணக்கேயன்றி ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிந்த கணக்கன்று. தம் பிள்ளையின் அறிவைச் சற்று மிகுத்துச் சொல்வது பெற்றோர் இயல்பு. நாய் வளர்ப்போரும் அதற்கு விலக்கல்லர். அந்த 89 இல் பாதியைக் கழித்துவிட்டாலும் நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் எஞ்சுகின்றன.

சோதித்தறிந்த கணக்குகளும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ரிக்கோ என்ற பார்டர் கோலி இன நாய் ஏறத்தாழ 200 பொருள்களின் பெயர்களை அறிந்திருந்தது என 2004 இல் 'சயின்ஸ்' ஆய்விதழ் வெளியிட்டது. அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி, அதே இனத்தைச் சேர்ந்த தம் சேசர் என்ற நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்பித்தார். நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரம் இதற்கெனச் செலவிட்டார். இத்தனை பெயர்களையும் தம்மால் நினைவில் வைத்துக்கொள்ள இயலாமற்போகவே, ஒவ்வொரு பொருளின் மீதும் அதன் பெயரை அவர் மையால் எழுதி வைத்தார் என்பது சுவையான செய்தி.

ரிக்கோவும் சேசரும் விதிவிலக்குகள். எனினும் சாதாரண வீட்டு நாய்களைப் பற்றியும் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டிலுள்ள ஓட்வோஷ் லொராண்ட் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். 2016 இல் அவர்கள் 13 நாய்களை மூளைப்படப் பொறியில் அசையாமல் படுத்திருக்கப் பழக்கி, பாராட்டுச் சொற்களையும் நடுநிலையான சொற்களையும் வெவ்வேறு தொனிகளில் கேட்கச் செய்தனர். பாராட்டுச் சொல், பாராட்டும் தொனி ஆகிய இரண்டும் சேர்ந்து ஒலித்தபோதுதான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்குரிய பகுதி தூண்டப்பட்டது. 2024 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரு பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு வேறொரு பொருளைக் காட்டியபோது, அந்த முரண்பாட்டை 18 நாய்களின் மூளை அலைகள் காட்டிக்கொடுத்தன. பந்து என்று கேட்டவுடன் நாயின் மனத்தில் பந்து தோன்றிவிடுகிறது. அது கவ்விவராமலிருப்பது அறியாமையால் அன்று என்று இதனைப் பொருள்கொள்ளலாம்.

எல்லைப்புற மக்களாகிய நமக்கு மிக நெருக்கமானவை அதே பல்கலைக்கழகத்தின் வேறிரண்டு ஆய்வுகள். முதலாவதை நடத்திய லாரா குவாயா, மெக்சிகோவிலிருந்து தம் நாயுடன் புடாபெஸ்டில் குடியேறியவர். அதுவரை ஸ்பானிய மொழியை மட்டுமே கேட்டுப் பழகிய தம் நாய், இங்கே மனிதர்கள் வேறு மொழி பேசுவதை உணர்கிறதா என்பது அவருக்கு எழுந்த ஐயம். 18 நாய்களுக்கு 'குட்டி இளவரசன்' கதையின் பகுதிகளை இரு மொழிகளிலும் ஒலிக்கச் செய்து பார்த்ததில், பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாயின் மூளை வேறுபாடு காண்பது தெரியவந்தது. வயது கூடிய நாய்களிடம் இவ்வேறுபாடு மேலும் தெளிவாக இருந்தது. 2022 இல் இம்முடிவுகள் வெளியாயின. இரண்டாவது ஆய்வு 2020 இல் வெளிவந்தது: நன்கு பழகிய ஒரு கட்டளைச் சொல்லில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னால், நாய்கள் அதனைப் பழைய சொல்லாகவே கொள்கின்றன.

இவ்விரண்டையும் கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ உள்ள ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். பாட்டி தமிழில் பேசுகிறார். மலையாளப் பள்ளிக்குச் செல்லும் பேரன் மலையாளத்தில் பேசுகிறான். 'வா', 'போ', 'பால்', 'மீன்', 'பந்து' ஆகியவற்றில் நாய்க்குச் சிக்கலில்லை. இரு மொழிக்கும் அவை பொதுச் சொத்து. பாட்டி 'இரு' என்றால் பொறுத்திரு என்று பொருள். பேரன் 'இரி' என்றால் உட்கார் என்று பொருள். ஓரொலியே வேறுபடும் இவ்விரு சொற்களும் நாயின் செவியில் ஒன்றேயாக ஒலிக்கக்கூடும். வாசலில் நிற்பதா, அமர்வதா என்று அது திகைத்து நின்றால், பிழை நாயினுடையதன்று. வீட்டார் கூடி, கட்டளைக்கு ஒரு சொல் என முடிவுசெய்துகொண்டால் இத்திகைப்பு தீரும். 'ராஜா', 'ரோஜா' எனக் கிட்டத்தட்ட ஒரேவகையாய் ஒலிக்கும் பெயர்களை ஒரே வீட்டின் இரு நாய்களுக்குச் சூட்டாதிருப்பதும் நன்று.

இவை அன்றாட இடர்ப்பாடுகள். வீடே இல்லாமற்போகும் நாயின் நிலை வேறு. 2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டம் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மீது மலை சரிந்து வீழ்ந்தது. அங்கு வாழ்ந்தவை தமிழ்க் குடும்பங்கள். 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மீட்புப் பணியாளர் நாள்தோறும் தேடிக்கொண்டிருக்கையில், குவி என்ற வளர்ப்பு நாய் தானும் தேடியலைந்தது. எட்டாம் நாள், பல கிலோமீட்டர் கீழே, ஆற்றில் தேங்கிய மரத்துண்டுகளை நோக்கியபடி அது நகராமல் நின்றது. அங்குதான், அதனோடு விளையாடி வளர்ந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையின் உடல் கிடந்தது.

அதன் பின்னர் உணவை மறுத்துக் கிடந்த அந்நாயை, மாவட்டக் காவல்துறை மோப்பநாய்ப் பிரிவைச் சேர்ந்த காவலர் அஜித் மாதவன் பேணிக் காத்தார். உயரதிகாரிகளின் அனுமதியுடன் குவி அப்பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. குழந்தையின் குடும்பத்தில் எஞ்சியிருந்த மூதாட்டி தம் நாயை விரும்பிக் கேட்டதன் பேரில், 2021 இல் அது அவரிடமே திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

குவிக்கு எத்தனை சொற்கள் தெரியும் என எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆயினும் அந்த லயத்தில் தமிழில் அதனை அழைத்த குரல்கள், உண்ண அழைத்த சொற்கள், குழந்தை மழலையில் சொன்ன பெயர்கள் ஆகிய அனைத்தும் ஓரிரவில் நின்றுபோயின. அவற்றை இனிச் சொல்லத் தெரிந்தவராக அந்தக் குடும்பத்தில் எஞ்சியவர் ஒருவர். அந்த மூதாட்டியிடம் நாயைத் திருப்பித் தந்தது சரியான முடிவு என நாம் கருதுவதற்கு இதுவே காரணம். உணவையும் இடத்தையும் காவல்துறை குறைவின்றித் தந்தது; அந்தச் சொற்களைத் தர அவரால் மட்டுமே இயன்றது.

பெட்டிமுடி ஒரு பேரிடர். ஆனால் எல்லைப்புறத் தோட்டங்களில் வேறொரு பிரிவு ஓசையின்றி ஆண்டுதோறும் நிகழ்கிறது. லயத்து வீடு தோட்ட நிறுவனத்துக்கு உரியது. பணி ஓய்வு பெற்றவர், குடும்பத்தில் வேறெவரும் அத்தோட்டத்தில் வேலை செய்யாதபோது, வீட்டைக் காலிசெய்ய வேண்டும். பணிக்கொடையைப் பெற்று, கணக்கை முடித்துக்கொண்டு தேனிக்கோ திருநெல்வேலிக்கோ செல்பவர்கள் நாயை லயத்திலேயே விட்டுச் செல்கிறார்கள். மாற்றலாகிப் போகும் நம்மைப் போன்ற அலுவலர்களும் இதனையே செய்கிறோம். அவர்களுக்கு இருக்கும் நெருக்கடி நமக்கு இல்லை என்பதால் நம் குற்றம் பெரிது. 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுவதைக் குற்றமாக்கியுள்ளது. முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இத்தொகைக்கு அஞ்சி எவரும் நாயை உடன் அழைத்துச் செல்லப்போவதில்லை.

மனிதருக்கே சொந்த வீடில்லாத மலையில் நாயின் சொற்களைப் பற்றிப் பேசுவது மிகையல்லவா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. தோட்டத் தொழிலாளருக்கு நிலமும் வீடும் முதலில் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. நாம் கேட்பதோ அரைப்பக்கத் தாளும் கால்மணி நேரமும் மட்டுமே.

உடன் அழைத்துச் செல்ல இயன்றால் அழைத்துச் செல்லுங்கள். இயலாதபோது, நாயைப் பெறுபவரிடம் ஒரு பட்டியலையும் கொடுங்கள். அதனை எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள். செல்லப் பெயர் வேறு உண்டா. உண்ண அழைக்கும் சொல் எது. வேண்டாம் என்பதற்கு என்ன சொல்வீர்கள். எச்சொல்லோடு எந்தக் கைச்சைகை சேரும். எவர் எவர் பெயர் அதற்குத் தெரியும் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். கைச்சைகையையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், எப்பயிற்சியும் பெறாத நம் தெருநாய்களில், மனிதரை நெருங்கி வரத் துணிந்தவற்றுள் பெரும்பாலானவை, மனிதர் சுட்டிய கலத்தை நோக்கியே சென்றன. மொழி மாறினாலும் கை காட்டும் திசை மாறுவதில்லை.

நாய்க்குப் பெயர் உண்டு, அப்பெயர் நிலைக்கத் தக்கது என்பது நம் முன்னோர் அறியாத செய்தியன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுடன் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்வர் இருவரைக் கடித்த செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. 1400 ஆண்டுகளுக்கு முன் உளிகொண்டு செய்த பணியை நாம் ஒரு தாளில் செய்தால் போதும்.

அன்று அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாங்களும் அந்தப் பட்டியலை எழுதினோம். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் எழுதினோம். எண்ணிப் பார்த்தபோது 34 சொற்கள் இருந்தன. அவ்வீட்டு அம்மையார் தாளைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி, சற்றே பிசகிய உச்சரிப்பில் 'துண்டு' என்று வாசித்தார். படியோரம் படுத்திருந்த நாய் எழுந்து, கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அவர்களது துண்டை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டது.