மேலிருந்து வரும் முதலாளி குரல்

கேமரா இல்லாத மொத்தக் கடை இன்று அபூர்வம். இப்போது அதில் ஒலிபெருக்கியும் சேர்ந்தே வருகிறது. முதலாளி வீட்டில் அமர்ந்து செல்போனைப் பார்த்தபடி, "டேய், அந்த மூட்டையை உள்ளே தள்ளு" என்று அதட்டுகிறார். பருப்பு வாங்க நின்ற அம்மா திடுக்கிட்டு மேலே பார்க்கிறார். பேசியது யார், தம்மையும் பார்க்கிறாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் கடை ஆளுக்கும் தலைகுனிவு. இது முறையல்ல என்பது நம் கருத்து.

தொலைவிலிருந்து கடையைக் கவனிப்பதை நாம் குறை சொல்லவில்லை. அதை மரியாதையாகச் செய்ய வழி இருக்கிறது. ஜப்பானில், டோக்கியோ நகரின் நிஹோன்பாஷி பகுதியில் 2021 ஜூனில் 'டான்' என்ற காப்பிக் கடை திறக்கப்பட்டது. அங்கே வாடிக்கையாளரிடம் பேசுவது 'ஓரிஹிமே' என்னும் ரோபோ. அதை இயக்குவோர் கடுமையான உடல்நலக் குறைவால் வெளியே போய் வேலை பார்க்க இயலாதவர்கள். சிலர் கண்ணசைவாலேயே இயக்கிச் சம்பளம் பெறுகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அந்த ரோபோவின் அமைப்பை. மேசையில் வைப்பது கைக்கு அடக்கமான சிறு பொம்மை. காப்பி கொண்டு வருவது 120 சென்டிமீட்டர் உயரம், ஒரு சிறுபிள்ளை அளவுதான். யாரும் மிரள மாட்டார்கள். முகத்தை ஜப்பானிய 'நோ' நாடக முகமூடி போல வடித்திருக்கிறார்கள். பேச்சுக்குத் தக்கபடி சிரிப்பதாகவோ வருந்துவதாகவோ நமக்கே தோன்றும். யாரைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தலை திரும்பும். பேசும்போது கை அசையும். நம் கேமராவுக்கு இதில் எது உண்டு?

திரையில் முகம் தெரிந்தால் போதும் என்பாரும் உண்டு. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில், பிழைக்க வழியில்லை என்பதை முதியவர் ஒருவருக்கு ரோபோவின் திரை வழியே மருத்துவர் தெரிவித்தார். முகம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது நோயாளியின் காதில் சரியாக விழாமல், பேத்தியே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. குடும்பத்தார் கொதித்துப் போனார்கள்.

பழைய பாக்கியை ஒலிபெருக்கியில் கேட்பதும் இந்த ரகம்தான். அதை நேரிலோ தனியாகப் போனிலோ கேளுங்கள். கேமராவுக்குக் கீழே "முதலாளி இதன் வழியாகப் பேசுவார்" என்று பெயருடன் ஓர் அட்டை மாட்டுங்கள். பேசுமுன் "வணக்கம், நான் இன்னார் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள். கடை ஆளைக் கண்டிக்க வேண்டுமானால் கடை அடைக்கும்வரை பொறுங்கள். அட்டைக்கு ஆகும் செலவு ஒரு டீக்காசுதான்.