பெட்டி பளபளக்குது! பேட்டரிக்கு யார் ஜவாப்?

இதைப் பார்த்தால் சிகரெட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகப் பெட்டி. பக்கத்தில் ஒரு பட்டன். நடுவில் குட்டி டி.வி. மாதிரி ஒரு திரை. தலைமேல் கண்ணாடிக் குப்பி. குப்பிக்கு மேலே வாயில் வைக்கிற குழல்.

பட்டனைத் தட்டினால் திரையில் எண் ஓடுகிறது. 20 வாட், 40 வாட், 75 வாட்! எண்ணைக் கூட்டினால் புகை கூடுகிறது. குறைத்தால் குறைகிறது. ரேடியோவில் சத்தத்தைத் திருகுவது போல, இதில் புகையைத் திருகலாம்.

"அட, ஜோரா இருக்கே!" என்றுதான் யாருக்கும் முதலில் சொல்லத் தோன்றும். எலெக்ட்ரானிக் சிகரெட்டிலேயே இது மேல் ரகம். இளவட்டங்கள் மயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் சார், முதல் பார்வைக்குத் தெரியாத சங்கதி ஒன்று பெட்டிக்குள்ளே படுத்திருக்கிறது. அதுதான் பேட்டரி. பெட்டியைப் பத்துத் தரம் திருப்பிப் பார்க்கிறவர்கள், பேட்டரியை ஒரு தரம் கூடப் புரட்டிப் பார்ப்பதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பம்!

உள்ளே நடப்பது என்ன?

இதில் புகையிலை எரிவதில்லை. தீக்குச்சியும் வேண்டாம். குப்பியில் நிக்கோடின் கலந்த திரவம். அதில் ஊறிய பஞ்சு. பஞ்சை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள். பட்டனை அழுத்தியதும் பேட்டரியிலிருந்து கரண்ட் பாய்கிறது. கம்பி சூடாகிறது. திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியைத்தான் இழுக்கிறார்கள். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் கம்பியின் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

புகையிலை இல்லாத சிகரெட்டுக்கு அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1965-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். அது கடைக்கு வந்து எடுபடவில்லை. 2003-ல் சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர் செய்ததுதான் இன்றைய ரகங்களுக்கு மூத்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே உலகத்துக்கு வந்து சேர்ந்தது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் சோனி கம்பெனி விற்பனைக்கு விட்ட சரக்கு. அதை உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். செல்போன், லேப்டாப், மின்சார ஸ்கூட்டர் எல்லாம் ஓடுவது அந்தப் புண்ணியத்தில்தான்.

நல்ல சரக்கு, சந்தேகம் இல்லை. ஆனால் கொஞ்சம் கோபக்காரச் சரக்கு!

ஒரு சின்னக் கணக்கு

வீட்டில் ஓடுகிற பழைய சீலிங் பேன் சுமார் 75 வாட் தின்னும். அதே 75 வாட்டை, விரல் நீளமுள்ள ஒரு பேட்டரி கட்டையிலிருந்து இந்தப் பெட்டி உறிஞ்சுகிறது.

முழு சார்ஜில் அந்தக் கட்டையில் 4.2 வோல்ட் இருக்கும். 75-ஐ 4.2-ஆல் வகுத்தால் சுமார் 18 ஆம்பியர். பேட்டரி இறங்க இறங்க வோல்ட் குறையும். ஆனால் திரையில் வைத்த 75 வாட்டை இந்த யந்திரம் விட்டுக் கொடுக்காது. 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் 23 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சோர்ந்து போன மாட்டின் மேல் பாரத்தை ஏற்றுகிற கதை!

உங்கள் வீட்டில் ஏ.சி., கெய்சர் மாட்டுகிற பெரிய பிளக் இருக்கிறதே, அது 15, 16 ஆம்பியருக்குத்தான் செய்தது. அங்கே வோல்ட் ஜாஸ்தி, ஆகையால் மொத்த சக்தியும் ஜாஸ்தி, வாஸ்தவம். ஆனால் ஒயரைச் சுட வைப்பது ஆம்பியர்தான். பெரிய பிளக்கே தாங்காத ஆம்பியரைச் சட்டைப் பையில் இருக்கிற கட்டையிடம் கேட்கிறார்கள்.

நல்ல செல் என்றால் தாங்கும். மட்ட ரகம் என்றால்? அங்கேதான் கேள்வி.

ஜரிகை ஒன்று, சரக்கு ஒன்று!

இந்தச் செல்லுக்கு 18650 என்று பெயர். குறுக்களவு 18 மில்லி மீட்டர், நீளம் 65 மில்லி மீட்டர். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்லை விடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் பருமன். ஆனால் பென்சில் செல்லில் இருப்பது 1.5 வோல்ட். இது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நல்ல கம்பெனிகள் செய்கிற செல்லிலேயே கொள்ளளவு சுமார் 3500 மில்லி ஆம்பியர் அவர்தான். அதிலும் ஒரு சூட்சுமம். கொள்ளளவு அதிகமான செல் வேகமாகக் கரண்ட் தராது. வேகமாகத் தருகிற செல்லில் கொள்ளளவு குறைவு. இரண்டும் ஒரே கட்டையில் வேண்டும் என்று கேட்டால், செய்கிறவனே கையை விரித்து விடுவான்.

அப்படியிருக்க, "9900" என்று கொட்டை எழுத்தில் போட்ட செல்களும் உலவுகின்றன. சுத்த டுபாக்கூர்! படி அளவுச் சொம்பில் மூன்று படி பால் பிடிக்கும் என்று சொல்வதற்கு சமம்.

பழைய லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய செல்லுக்குப் புது பிளாஸ்டிக் உறை மாட்டி விற்கிற வேலையும் உலகத்தில் நடக்கிறது. மேலே பட்டு ஜரிகை. உள்ளே கிழிந்த கந்தல். வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. கட்டை சூடாகும்போதுதான் தெரியும்.

சாவிக்கொத்தும் செல்லும்

இனி, ரயிலிலும் பஸ்சிலும் போகிறவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விஷயம்.

இந்தச் செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ். உச்சியில் இருக்கிற சின்னப் பொட்டு மட்டும் பாசிட்டிவ். இரண்டையும் பிரிப்பது உச்சியில் இருக்கிற மெல்லிய வளையமும், மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்தால் வேலி போச்சு.

அப்படியே சட்டைப் பையில் போட்டுக் கொள்கிறார்கள். பக்கத்தில் வீட்டுச் சாவி. கூடவே சில்லறைக் காசு. கூட்டத்தில் ஒரு இடி. சாவி பொட்டையும் உடம்பையும் சேர்த்துத் தொட்டால் தீர்ந்தது! நொடியில் கொதிக்கும். உள்ளே இருக்கிற திரவம் பெட்ரோல் மாதிரி பற்றிக் கொள்கிற ஜாதி. ஒரு மூலையில் பிடித்த சூடு அடுத்த மூலையைச் சுட வைக்கும். அது மேலும் சூட்டைக் கிளப்பும். நாம் "நில்" என்றால் நிற்காது.

கற்பனை அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் செய்திகளில் வந்த இ-சிகரெட் வெடிப்பு, தீ விபத்துகள் 195. காயம் பட்டவர்கள் 133 பேர். அதில் 38 பேருக்குப் பலத்த காயம். உபயோகித்துக் கொண்டிருந்தபோது நடந்தது 60. சட்டை, பேன்ட் பையில் சும்மா கிடந்தபோது நடந்தது 61!

சும்மா கிடந்ததுதான் ஒரு படி மேலே. கவனித்தீர்களா?

அதற்குப் பிறகு 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவர், 2019 ஜனவரியில் டெக்சாசில் ஒருவர், இந்தச் சாமான் வெடித்து உயிரையே விட்டார்கள். 2021-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது: தனிச் செல்லாக 18650-ஐ வாங்காதே, உபயோகிக்காதே என்று. அது பேட்டரி பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்காகச் செய்த தொழிற்சாலைச் சாமான். ஆளுக்கொன்று கையில் கொடுப்பதற்காகச் செய்ததல்ல.

பில் எங்கே?

நம் ஊர் சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை வந்தது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசு நாடு முழுக்கத் தடை போட்டது. பிறகு பார்லிமென்டிலும் சட்டம் நிறைவேறியது. விற்றால் முதல் தடவை ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 3 வருஷம், 5 லட்சம் வரை போகும். ஸ்டாக் வைத்தாலே 6 மாதம் அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை.

இவ்வளவு இருந்தும் கள்ளத்தனமாக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் கேட்கிறேன்.

"அண்ணே, பில் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "சாமான் வேணுமா, பில் வேணுமா?" என்றுதான் பதில் வரும்.

2016-ல் சாம்சங் கம்பெனியின் நோட் 7 செல்போன் தீப்பிடித்தது நினைவிருக்கும். எத்தனையோ சோதனை தாண்டி வந்த போன். இருந்தும் பேட்டரி கோளாறு. என்ன செய்தார்கள்? விற்றதைத் திரும்ப வாங்கினார்கள். மாற்றிக் கொடுத்ததும் பிடித்துக் கொண்டதும், தயாரிப்பையே நிறுத்தினார்கள். வாங்கினவன் கையில் பில் இருந்தது. விற்றவனுக்கு விலாசம் இருந்தது. அதனால் நடந்தது.

கள்ளச் சரக்கில் யார் திரும்ப வாங்குவான்? எந்த நுகர்வோர் கோர்ட்டில் மனு போடுவது? தொடை வெந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், டாக்டரிடம் உண்மையைச் சொல்லவே நாக்கு கூசும். ஜவாப்தாரி இல்லாத பேட்டரியை மடியில் கட்டிக் கொள்வது தைரியம் அல்ல. அசட்டுத்தனம்!

"சிகரெட் மட்டும் தொங்கலாமா?"

ஒரு கட்சி வாதம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பெட்டிக்கடையில் நிஜ சிகரெட் ஜாம் ஜாம் என்று விற்கிறது. இங்கிலாந்தில் சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கு இதை அரசாங்கமே சிபாரிசு பண்ணுகிறது. இங்கே மட்டும் தடையா?" என்கிறார்கள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் திரவத்தில் நிக்கோடின் இத்தனைக்கு மேல் போகக் கூடாது, குப்பி இத்தனை பெரிசுக்கு மேல் கூடாது என்று அளவு இருக்கிறது. விற்கிறவன் போர்டு மாட்டி விற்கிறான். இங்கே அந்த இரண்டும் கிடையாது. தடை சரியா தப்பா என்று சட்டசபையிலும் பார்லிமென்டிலும் பேசட்டும். அந்த வழக்கு முடிகிற வரைக்கும் பேட்டரி காத்திருக்காது!

நிஜமாகவே புகையை விட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு, சிகரெட் பெட்டி மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சாகி வருகிறது. அதற்குப் பேசினால் சார்ஜ் போட வேண்டாம். வெடிக்கவும் வெடிக்காது.

நமக்கு என்ன?

"எனக்கு இந்தப் பழக்கமே கிடையாது, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்கிறீர்களா? நில்லுங்கள் சார். இதே 18650 செல் சார்ஜ் போடுகிற டார்ச் லைட்டில் இருக்கிறது. பவர் பேங்கில் இருக்கிறது. கையில் பிடிக்கிற குட்டி மின்விசிறியில் இருக்கிறது. நம் ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற சாமான்தான்.

ஆகையால், எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். லித்தியம் பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். முத்திரையோடு ஆர் என்று தொடங்குகிற பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை, பாதி விலை என்றாலும் தொடாதீர்கள்.

உறை கிழிந்த செல்லை உபயோகிக்க வேண்டாம். தனிச் செல்லைப் பையில் போட வேண்டாம். தலையணை அடியில் சார்ஜ் போட்டுத் தூங்க வேண்டாம். உப்பினது, சுடுவது, வாடை அடிப்பது எதுவானாலும் ஒதுக்கி வையுங்கள். குப்பைத் தொட்டியில் வீச வேண்டாம், பாவம், குப்பை லாரிக்காரர் கை வெந்து போகும். பழைய பேட்டரியைத் தயாரித்த கம்பெனியே திரும்ப எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. விற்ற கடையில் கொண்டு போய்க் கேளுங்கள்.

கடைக்கார அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. "9900" என்று புளுகுகிற செல்லை இரண்டு காசு கூடுதல் லாபத்துக்காக அடுக்காதீர்கள். வாங்குகிறவர் உங்கள் தெருக்காரர். நாளைக்கு அவர் முகத்தில் நீங்கள் விழிக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு: பையன் பென்சில் பெட்டியில் பளபளப்பாக ஏதாவது கண்ணில் பட்டால், பேனா என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதட்டுவதற்கு முன்னே, அதில் இருக்கிற பேட்டரி அவன் தொடையை என்ன செய்யும் என்று சொல்லுங்கள். உடம்புக்குக் கெடுதல் என்றால் சிரிப்பான். தீ என்றால் கேட்பான்.

திரையில் ஓடுகிற எண் விற்கிறவன் காட்டுகிற வித்தை. பேட்டரி மேலே இருக்கிற எண்தான் நம் உயிர். எதைப் பார்த்து வாங்குவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்!