கம்பைப் பார்க்காத வைத்தியம்

நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி என்று எங்கே பந்தல் போட்டாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "ஒரு கூடை அடுப்புச் சாம்பல், ஒரு கொத்து வேப்பிலை. செல்லுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மிச்சத்தைக் கோழியே பார்த்துக்கொள்ளும்." சொல்பவர் தோளில் பெரும்பாலும் பச்சைத் துண்டு இருக்கும். கைத்தட்டல் பலமாக விழும். கொல்லையில் பத்துக் கோழி விட்டிருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியாரும், ஐ.டி. வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பிய தம்பியும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தம்பியின் அடைக்கோழி முட்டையைப் போட்டது போட்டபடி விட்டு எழுந்து ஓடும். "அண்ணே, சாம்பலும் போட்டேன், வேப்பிலையும் கட்டினேன். அப்புறமும் கூண்டுக்குள்ளே கையை விட்டா ஊறுதே?" என்பார். வருஷக்கணக்கில் இதே கேள்வியைக் கேட்டுக் காது புளித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் சொல்வது, நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், செல்லு அண்டாது என்பது. செல்லு, சிறுவிடையா பெருவிடையா என்று விசாரித்துவிட்டு ஏறுவதில்லை. புறாவைக் கடிக்கும், குருவியைக் கடிக்கும், முட்டை எடுக்கப்போன உங்கள் கையையும் கடிக்கும். இதற்கு இவ்வளவு பதில் போதும்.

அடுத்தது மண்குளியல். இதைத்தான் அவர்கள் பிரம்மாஸ்திரம் மாதிரி எடுப்பார்கள். கோழி சாம்பலில் புரளும், இறகை உதறும், பூச்சி கொட்டிவிடும், இயற்கையின் ஞானம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பூச்சி கொட்டும் என்று யாரும் கேட்பதில்லை. கோழிப்பேன் என்றால் சரி. அது பிறப்பது, வளர்வது, சாவது எல்லாமே கோழியின் உடம்பில்தான். இறகின் அடியில் முட்டையை ஒட்டிவைத்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் நடத்துகிறது. சாம்பலில் புரண்டால் அதற்குச் சிரமம் உண்டு. கூண்டையே காலி செய்கிற சிவப்புச் செல்லு வேறு ஆள். டெர்மானிசஸ் காலினே என்பது அதன் அறிவியல் பெயர். சிலந்தி, உண்ணி வகையறாவைச் சேர்ந்த எட்டுக்கால் பிராணி. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். பசியோடு இருந்தால் சாம்பல் நிறம், குடித்து முடித்தால் சிவப்பு. டி கீர் என்ற சுவீடன்காரர் 1778இலேயே இதை விவரித்து எழுதிவிட்டார். பயிற்சி மேடைக்கு மட்டும் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இந்தச் செல்லு கோழியின் மேல் குடியிருப்பதில்லை. இருட்டிய பிறகு, கோழி அடைந்து கண்ணயர்ந்த பிறகு, கம்பிலிருந்து கால் வழியாக ஏறும். அரைமணி, ஒருமணி நேரம் ரத்தம் குடிக்கும். குடித்ததும் இறங்கிவிடும். விடியும்போது அது கம்பின் அடிப்பக்கத்தில், பட்டை உரியாத சவுக்கின் இடுக்கில், பலகை பலகையோடு சேரும் இடத்தில், ஆணித் துளையில் ஒடுங்கியிருக்கும். முட்டையிடுவதும் அங்கேதான். கோழி மண் குளிப்பதோ உச்சி வெயிலில். அந்த நேரத்தில் அதன் உடம்பில் இந்தச் செல்லைத் தேடினால் அநேகமாக ஒன்றுகூடச் சிக்காது. திருடன் கிழக்கே போய்ப் படுத்துவிட்டான், நாய் மேற்கே பார்த்துக் குரைக்கிறது. இதற்குப் பெயர்தான் இயற்கையின் ஞானமாம்.

சந்தேகமிருப்பவர்கள் பகலில் கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு கூண்டுக்குப் போங்கள். கோழியைப் பார்க்க வேண்டாம், கம்பைப் பாருங்கள். கம்பு சுவரில் செருகியிருக்கும் முனைக்குக் கீழே உப்பும் மிளகும் தூவினது போலப் பொடி திட்டுத்திட்டாக இருக்கும். அது முட்டை ஓடு, கழற்றிப் போட்ட தோல், எச்சம். வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு இழுப்பு இழுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் அது உங்கள் கோழியின் ரத்தம். கொண்டை வெளுத்துப்போனதற்கும், பொழுது சாய்ந்தும் கோழி கூண்டுக்குள் போகாமல் வாசலில் நின்று அடம்பிடிப்பதற்கும் காரணம் அந்தக் கோட்டில் இருக்கிறது. அடைக்கோழியின் பாடு இன்னும் மோசம். 21 நாள் இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற பிராணியைவிடச் செல்லுக்கு வசதியான சாப்பாடு எது? தாங்க முடியாமல் ஒருநாள் அது எழுந்துவிடும். வீட்டில் அதற்கு "ராசியில்லாத கோழி" என்று பெயர் வைத்து ஞாயிற்றுக்கிழமை குழம்பாக்கிவிடுவார்கள். அடுத்த கோழியை அதே கூடையில் உட்காரவைப்பார்கள்.

வேப்பிலைக்கு வருவோம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடித்துக் கலந்து இடுக்கு இடுக்காக ஊற்றச் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மேடையில் சொல்வது அதையல்ல. வாசலில் ஒரு கொத்துக் கட்டச் சொல்கிறார்கள். மாரியம்மன் திருவிழாவா நடக்கிறது? காய்ந்த வேப்பங்கொத்தின் காம்பிலேயே செல்லு ஊர்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொன்னால் கடைசி ஆயுதமாகப் பாட்டியை அழைத்து வருவார்கள். "எங்கள் பாட்டி எந்த மருந்தைக் கண்டாள்?" இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் பாட்டி என்ன செய்தாள் என்று இவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. பாட்டியின் பெரிய கோழிகள் பாதி முருங்கை மரத்திலும் கொல்லைப் பூவரசிலும்தான் அடைந்தன. குஞ்சுகளை மூங்கில் பஞ்சாரத்தில் கவிழ்த்தாள். பஞ்சாரம் ஒரே இடத்தில் கிடக்காது. காலையில் எடுத்துத் தட்டிச் சுவரோரம் வெயிலில் சாய்த்துவிடுவாள். மண்ணால் கட்டிய கூடு இருந்தால், வீட்டுத் தரையை மெழுகும்போது அதையும் சாணி போட்டு வழித்துவிடுவாள். பொங்கலுக்கு வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பில் மிச்சம் அங்கேயும் போகும். வெடிப்பு, இடுக்கு, துளை எல்லாம் அடைபட்டுவிடும். குஞ்சு பொரித்ததும் அடைவைத்த கூடையிலிருந்த வைக்கோலை அப்படியே அள்ளி எரித்துவிடுவாள். அடை வைக்கும்போது கூடையில் சாம்பலும் போட்டாள், உண்மைதான். இவ்வளவு வேலையில் சாம்பல் ஒன்றுதான் இவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

பாட்டி பார்த்த வைத்தியம் கோழிக்கல்ல, கூட்டுக்கு. நாம் இப்போது கட்டும் கூண்டு எப்படியிருக்கிறது? பழைய கதவுப் பலகை, ஒட்டுப்பலகைத் துண்டு, கம்பிவலை, மேலே சிமெண்ட் ஷீட், இரண்டு பக்கமும் சுவருக்குள் செருகின கம்பு. வருஷக்கணக்கில் இடம் மாறாது, கழற்றவும் வராது. செல்லுக்கு இதைவிடப் பாதுகாப்பான அடுக்குமாடி யாரும் கட்டித்தர முடியாது. அந்த அடுக்குமாடியின் வாசலில் ஒரு கூடைச் சாம்பலை வைத்துவிட்டு, பாட்டி வழி என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். தவிரவும், வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் தெருவே கோழியில்லாமல் போன கதைகளைப் பாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்தக் காலத்துக் கோழிக்கு நோயே இல்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

இன்னொன்று, "இயற்கையானது தீங்கு செய்யாது" என்ற வாய்ப்பாடு. இதைச் சொன்ன அதே வாய், இரண்டு நிமிஷம் கழித்துப் புகையிலைக் கஷாயம் தெளிக்கச் சொல்லும். புகையிலையில் இருப்பது நிகோட்டின், சுத்தமான விஷம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் நிகோட்டின் சல்பேட்டைக் கோழி அடையும் கம்பில் பூசியே கோழிப்பேனைக் கொன்றார்கள். கொன்றது அதன் இயற்கைத்தன்மையல்ல, அதிலிருந்த நஞ்சு.

2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்தது இதைவிட வேடிக்கை. இதே சிவப்புச் செல்லை ஒழிக்கப் பண்ணைகளில் டேகா 16 என்ற திரவத்தை அடித்தார்கள். மெந்தால், யூகலிப்டஸ் வாசனையோடு, தாவரச் சரக்கு என்று விற்கப்பட்டது. அதில் பிப்ரோனில் திருட்டுத்தனமாகக் கலந்திருந்தது. நாய், பூனைகளின் உண்ணிக்குப் போடுகிற மருந்து அது. உணவுக்கு வளர்க்கும் உயிர்களுக்கு அங்கே அனுமதியில்லை. முட்டையில் பிப்ரோனில் அகப்பட்டதும் லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள், கடைகளில் அலமாரிகள் காலியாயின, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விவகாரம் பரவியது. "மூலிகை" என்று லேபிள் ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் நம்மவர்கள் அந்த வருஷத்துச் செய்திகளை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

எதிர்முகாம் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். மாட்டு உண்ணிக்கு வாங்கின டெல்டாமெத்ரினை வாளித் தண்ணீரில் கலக்கி, கோழியைக் கழுத்துவரை முக்கி எடுத்து, பழைய கூண்டிலேயே திரும்ப அடைக்கிறவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள், கூடுதல் செலவோடு. அந்த முட்டையை எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் கிடையாது.

செய்ய வேண்டியது பெரிய ரகசியமில்லை. கழற்றி மாட்டக்கூடிய கம்பு, பட்டை உரித்து இழைத்தது. சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். இடுக்குகளில் கொதிக்கும் தண்ணீர், கம்பிவலைக்கு ஊதுவிளக்கு, சுவருக்குச் சுண்ணாம்பு. ஒரு தடவையோடு முடியாது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முழுச்செல்லாக ஏழு நாள் போதும், ஆகவே வாரம் திரும்புவதற்குள் மறுபடியும் செய்ய வேண்டும். கோழியை விற்றுவிட்டுக் கூண்டைச் சும்மா போட்டால் செல்லு பட்டினியில் செத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். குளிர்ந்த இடத்தில் அது எட்டு மாதம்வரை சாப்பிடாமல் காத்திருக்கும்.

அடுத்த முறை பந்தலில் சாம்பல் கூடை மேடையேறும்போது கைத்தட்டுவதற்கு முன் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்கள் கூண்டுக் கம்பின் அடிப்பக்கத்தை ராத்திரியில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"