இறுகிய பிளேட்டும் கழலும்

தளவாய்புரம் நைட்டி தைத்துப் பெயர் வாங்கிய ஊர். இங்கே தையல் மெஷின் மக்கர் செய்தால் சரிசெய்ய ஆள் கிடைக்கும். ஆனால் மர லேத் வைத்திருப்பவர் தன் கையை நம்பித்தான் இருக்க வேண்டும். அதனால்தான் லேத்தில் இறுகிப்போன ஃபேஸ் பிளேட்டைக் கழற்றும் விதத்தை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைச் சிறு கட்டையிலேயே கடைந்து, அது சுழலும்போதே அரக்கு ஏற்றிவிடுவார்கள். ஆனால் தாம்பாளம், மரக்கிண்ணம் என்று அகலமாகக் கடைய ஃபேஸ் பிளேட் வேண்டும். கட்டையை அதில் ஸ்குரூ போட்டு முடுக்கி, பிளேட்டை ஸ்பிண்டில் மரையில் ஏற்றுவோம். உளி படும்போதெல்லாம் அந்த மரை இன்னும் இறுகும். பல நாள் கழற்றாமல் விட்டால் தூசியும் துருவும் சேர்ந்து அசையாமல் பிடித்துக்கொள்ளும்.

கழற்றும்போது பலர் குழம்புவது திசையில். வலது மரை உள்ள பிளேட், லேத் ஓடும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். எதிர்த்திசையில் எவ்வளவு முக்கினாலும் இறுகவே செய்யும். ஸ்பிண்டிலின் இடது முனையில் மாட்டியிருந்தால் பெரும்பாலும் இடது மரை. பிளேட்டின் முகப்பிலிருந்து பார்க்கும்போது திசை மாறித் தெரிந்தாலும், அங்கேயும் லேத் ஓடும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

முதலில் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். பிளேட்டின் பக்கவாட்டில் பூட்டுத் திருகு இருந்தால் தளர்த்துங்கள். மரை ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஸ்பிண்டிலை ஸ்பேனரால் பிடித்து, நீளமான ரீப்பர் கட்டையை பிளேட்டின் ஸ்குரூத் துளைகளில் முடுக்கி, அதன் நுனியில் மரச்சுத்தியலால் வெடுக்கென்று ஒரு தட்டு. மெதுவாக அழுத்துவதைவிட அந்த அதிர்ச்சிக்குத்தான் மரை விடும்.

கோணம் பிரிக்க இருக்கும் சிறு பின்னை முட்டுக்கொடுக்காதீர்கள். வளைந்துவிடும், அதன் துளையும் உடையும். பிளேட்டை நேராக அடித்தால் பேரிங் போய்விடும். மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டிக் கழற்றுவது கையைப் பறிக்கும் வேலை. எண்ணெய் விட்ட இடத்தில், மரத்தூள் நடுவே, தீ காட்டவே கூடாது.

இனி இறுகாமல் இருக்க, பிளாஸ்டிக் டப்பா மூடியிலிருந்து சமமான வாஷர் ஒன்று வெட்டி இடையில் போடுங்கள். மரையைத் துடைத்து லேசாக மெழுகு தடவுங்கள். வேலை முடிந்ததும் பிளேட்டைக் கழற்றி வையுங்கள். ஒரு பிளேட்டைக் காப்பாற்ற அவசரப்பட்டு லேத்தையே இழக்காதீர்கள். பலத்தைவிடப் பொறுமைதான் பட்டறையில் முதல் கருவி.